கஞ்சிக்கு பிரேக் கிடையாது

கல்முனையில் நோன்பு மாதம் வந்துவிட்டால் போதும். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் சிறுவர்கள் வாளியும் சட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதிக்கும். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்த அந்த வாசனை இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, நோன்பு பிடித்தவர்களின் பொறுமையை நன்றாகவே சோதிக்கும்!

அந்த வரிசையில் அம்ஹாவும் நிற்பாள். அவள் கஞ்சி வாங்குவது குடிக்க மட்டுமல்ல, வாப்பாவுக்குக் காட்டவும்தான்.

வாப்பா கத்தாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். இங்கே நோன்பு திறக்கும் நேரத்தில் அங்கே அவருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். உடனே வீடியோவில் வருவார்.

"கஞ்சியக் காட்டுங்க மகள்" என்பார்.

காட்டினால் கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுப்பார். அந்த ஒரு நிமிடம், வாப்பா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல அம்ஹாவுக்குத் தோன்றும். நாள் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பாள்.

ஒரு நாள் அது கெட்டுப்போனது.

சைக்கிள் ஹேண்டிலில் கஞ்சி வாளி தொங்கியது. பின்னால் தம்பி அஸ்கி இருந்தான். வாளிக்கு மூடி இல்லை. மூடியை ஸ்டியரிங் ஆக்கி பஸ் ஓட்டியவன் எங்கோ தொலைத்துவிட்டான். வாப்பா வந்துவிடுவாரே என்று அம்ஹா பறந்தாள். குறுகிய ஒழுங்கைத் திருப்பத்தில் திடீரென்று ஓர் ஆடு! பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சைக்கிள் சறுக்கிக்கொண்டு போய் ஒருவழியாக நின்றது. கஞ்சி நிற்கவில்லை. அப்படியே எகிறி ரோட்டில் கொட்டியது.

ஆடு மட்டும் ஆற அமர வந்து நக்கிப் பார்த்தது. அதற்கென்ன, நோன்பா?

அன்று மாலை வாப்பா வழக்கம்போலக் கேட்டார். அம்ஹா வெறும் வாளியைக் காட்டினாள்.

"பரவால்ல மகள். காயம் ஒண்டும் இல்லதானே?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அம்ஹாவுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கண் சிரிக்கவில்லையே!

மறுநாள் காலை. பக்கத்து வீட்டு நிரோஜினி அக்கா சாதாரண தரப் பரீட்சைக்கு மதிலோரம் நடந்து நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "உந்தம் எண்டா திணிவையும் வேகத்தையும் பெருக்கி வாறது... திணிவையும் வேகத்தையும் பெருக்கி வாறது..."

"அதென்னக்கா உந்தம்?" என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் அம்ஹா.

"ஓடுற ஒரு சாமான நிப்பாட்ட எவ்வளவு கஷ்டம் எண்டு அதை வச்சுச் சொல்லலாம். பாரம் கூடினாலும் கஷ்டம். வேகம் கூடினாலும் கஷ்டம். ரெண்டும் கூடினா..."

"கஞ்சி ரோட்டுல!" என்றாள் அம்ஹா.

நிரோஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓ, அதாலயா நேற்று எங்களுக்கும் கஞ்சி வரல்ல?"

"சிரிக்காதீங்கக்கா. சைக்கிள் நிண்டுட்டு. கஞ்சி ஏன் நிக்கல்ல?"

"நீ பிரேக் பிடிச்சது சைக்கிளுக்குத்தானே? கஞ்சி வந்த வேகத்திலேயே போயிட்டு."

அம்ஹா யோசித்தாள். பாரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரத்தில் பெரும்பங்கு அஸ்கிதான்.

"நீ இண்டைக்கு வீட்ட இரு" என்றாள் அவனிடம்.

அஸ்கியின் உதடு பிதுங்கியது. "வாப்பாக்கு நானும்தானே ராத்தா கஞ்சி கொண்டாறன்?"

வாப்பா போகும்போது அஸ்கி கைக்குழந்தை. அவனுக்குத் தெரிந்த வாப்பா போனுக்குள் இருப்பவர்தான்.

"சரி, ஏறு. ஆனா உனக்கொரு வேலை இரிக்கி. ஆடோ மாடோ, எதைக் கண்டாலும் தூரத்திலேயே சொல்லோணும்."

அன்று பார்த்து வரிசை நீண்டு கிடந்தது. வாளி நிறையும்போது சூரியன் இறங்கிவிட்டது. அம்ஹாவின் கால் பெடலை ஓங்கி மிதிக்கத் துடித்தது. வேகமாகப் போனால் வாப்பா இருப்பார், கஞ்சி இருக்காது. மெதுவாகப் போனால் கஞ்சி இருக்கும். வாப்பா இருப்பாரா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மெதுவாகவே மிதித்தாள்.

"ராத்தா, ஆடு!"

அதே ஆடு! நேற்றைய ருசி மறக்கவில்லை போலும். அம்ஹா தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்தினாள். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தாள். கஞ்சி ஆடியது. வாளியின் விளிம்பைத் தொட்டது. பிறகு உள்ளேயே அடங்கியது. ஆடு ஏமாந்துபோய் நின்றது.

வீட்டு வாசலுக்கு வரும்போது நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு ஒலித்தது. உம்மா போனோடு நின்றார்.

"எங்க போனீங்க மகள்? வாப்பா அப்பயே எடுத்திட்டார்!" என்று பேரீச்சம்பழத்தை அம்ஹாவின் வாயில் வைத்தார்.

"இன்னும் இரிக்கன் மகள்" என்றது போனுக்குள்ளிருந்து வாப்பாவின் குரல்.

அம்ஹா நிறைந்த வாளியைக் காட்டினாள். வாப்பா கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "கொட்டாம எப்படிக் கொண்டந்தீங்க?"

அம்ஹா உந்தத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னாள். வாப்பா சிரித்தார். இப்போது கண்ணும் சிரித்தது.

"இங்க நானும் அந்த வேலைதானே செய்றன்? தூரத்திலேயே பிரேக்கத் தொடாட்டி, பவுசர் தண்ணி பின்னால வந்து இடிக்கும்."

அஸ்கி முகத்தை நுழைத்தான். "வாப்பா, எப்ப வருவீங்க?"

"இந்தப் பெருநாளைக்கு ஏலா மகன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவு தாறாங்களாம், இன்ஷா அல்லாஹ்." வாப்பா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "ஆனா ஒண்டு. வாப்பா இப்ப நல்லாக் கொழுத்திட்டன். எயார்போட்டில உங்களக் கண்டு ஓடி வந்தா, நிப்பாட்ட ஏலாது."

அம்ஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிப்பாட்ட வேணாம் வாப்பா. வாற வேகத்திலேயே வந்து எங்களோட மோதுங்க."