இருபத்திரண்டு சென்டிமீட்டர்

அளவு நாடாவின் நுனியில் தொங்கிய பித்தளைக் குண்டு அடியைத் தொட்டபோது 'டங்' என்று கேட்கவில்லை. மெத்தென்று எதன் மேலோ உட்கார்ந்தது.

பதினெட்டு மீட்டர் நாற்பது இருக்க வேண்டிய ஆழத்தில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. எண்ணெயை இறக்கி முடித்த கப்பல் அது; தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று அளந்து எழுதுவதுதான் சர்வேயரின் வேலை. நாடாவைச் சுற்றி எடுத்தார். சொட்டு எண்ணெய் ஒட்டவில்லை. குண்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

இதே கப்பல், இதே ஐந்தாம் தொட்டி. போன வருஷம் மத்தியான வெயிலுக்குச் சோம்பல்பட்டு, நாடாவை இறக்காமலே 'மிச்சம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் சுத்தம் செய்ய இறங்கினான் தம்பி. அவரே சொல்லி வேலையில் சேர்த்துவிட்ட தம்பி. அடியில் தேங்கிக் கிடந்த எண்ணெயின் ஆவி அவனை ஏறி வர விடவில்லை. "நீ அளந்து பார்த்துதானேடா அவனை எறக்குன?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றார். பாவி, பெற்றவளிடம் கூசாமல் பொய் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன சார், இன்னுமா அளக்குறீங்க?" பம்ப்மேன் எட்டத்திலிருந்து சத்தம் போட்டான். "காலித் தொட்டிதானே, சைபர்னு போட்டுட்டு வாங்க. டீ ஆறுது."

"நீ போப்பா. நான் அளந்துட்டு வர்றேன்."

கொதிக்கும் இரும்புத் தளத்தில் மண்டியிட்டு, கையளவுத் துளைக்குள் மறுபடி நாடாவை விட்டார். எண்ணெய் நெடியோடு தம்பி போடும் சோப்பின் வாசனையும் மேலே வந்தது, ஆழத்தில் யாரோ புரண்டு எழுந்தாற்போல் ஒரு சத்தம் சுவரெல்லாம் தடவிக்கொண்டு ஏறியது.

குண்டு நின்றது. பதினாறு எழுபத்திரண்டு.

நூற்று அறுபத்தெட்டு குறைவு. தம்பியின் உயரம். வேலைக்கான படிவத்தில் அதை நிரப்பியவரே அவர்தான்.

எழுந்து நிற்கிறான்.

நாடா தொய்ந்தது. பதினான்கு. பதினொன்று. ஏணியில் ஈரக்கால் பதியும் சத்தம். ஆறு. மூன்று. ஓட வேண்டும். கால் வரவில்லை. மனசும் வரவில்லை.

"ஏறி வந்துடுடா கண்ணு," என்று அழுதார்.

சத்தம் நின்றது.

துளையிலிருந்து கருத்த கை ஒன்று வெளியே வந்தது. அவர் மணிக்கட்டில் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று.

"அளந்தியாண்ணே?"

நாடா இறுகத் தொடங்கியது.