கீழே ஏழு பேர்

கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியோரம் ஏழு ஜோடி செருப்புகள் கிடந்தன. ஆறுதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் குடையை மடக்கிக்கொண்டு இன்னொரு முறை எண்ணினார். ஏழுதான். செத்தவன் செருப்பைத் தூக்கிப் போடக்கூடத் துப்பில்லாத ஜென்மங்கள் என்று முணுமுணுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையிலிருந்து தூறல் விட்டபாடில்லை. கீழே இருப்பவர்கள் எல்லாருக்கும் இன்றுதான் லீவு.

காகிதம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. எழுத்து கிடையாது, ரசீது கிடையாது, பெயர் கேட்பது கிடையாது. முக்கியமாக, எவன் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பது கிடையாது. நாளைக்கே ஒரு அதிகாரி நாலு போட்டோவை நீட்டி இவனைத் தெரியுமா என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்துத் தெரியாது என்று சொல்லலாம். இந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. வெளியே பீற்றிக்கொள்ளத்தான் வழியில்லை.

அதனால்தான், பதினோரு நாளைக்கு முன்னால் ஜுரத்தில் செத்தவன் எப்படி இருப்பான் என்றே அவருக்குத் தெரியாது. "ஆம்புலன்ஸ் வந்தா பின்னாடியே போலீஸ் வரும், எல்லாரையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க" என்று இரண்டு நாள் தடுத்து வைத்தவர் அவர்தான். மூன்றாம் நாள் தார்ப்பாயில் தலையோடு சுற்றி, கார் ஷெட்டின் தரையைத் தோண்டிப் புதைத்தார்கள். மேலே சிமெண்ட் பூசியதும் அவனோடு தங்கியிருந்த ஆறு பேர்தான். மட்டம் ஒரு நூல் பிசகவில்லை. விஷயம் கசிந்தால் வீடும் போகும், அவரும் உள்ளே போவார். அந்த ஆறு பேரும் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் அவர்களும் மாட்டுவார்கள். புதிதாக ஒருவன் வந்து மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

கதவைத் தள்ளினார். காயாத துணியும் வியர்வையும் நேற்றைய எண்ணெயும் கலந்து முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில், மழைக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்திலிருந்து வருவதுபோல ஒரு பச்சை மண் வாடை எழுந்து மூக்கை விட்டு இறங்க மறுத்தது. குறுக்கே கட்டிய கொடிகளில் சட்டைகள் தொங்கின. அவற்றின் நிழல்கள் ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் சுவரெல்லாம் ஆட, எங்கேயோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தைகளில் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணினார். ஏழு.

ரத்தம் தலைக்கேறியது. மச்சானையோ சித்தப்பன் மகனையோ எவனோ ஒருவன் சந்தடி இல்லாமல் கூட்டி வந்து நுழைத்திருக்கிறான்.

"யாருடா புதுசு?"

அவர்களில் மூத்தவன், கொத்தனார் வேலை பார்ப்பவன், எழுந்து நின்றான். "புதுசா யாரும் இல்ல சார்."

"ஆறு பேருதான் இருக்கணும்."

"ஏழு பேருக்குத்தானே சார் இடம் குடுத்தீங்க?"

"அதுல ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர்.

"அதிகப்படி யாருன்னு கை காட்டுங்க சார். இப்பவே அனுப்பிடறோம்." வாயில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. தொனியில்தான் மருந்துக்கும் இல்லை.

எல்லாரையும் எழுந்து சுவரோரமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். வீட்டுக்காரர் முதல் தடவையாக அவர்களை நிமிர்ந்து பார்த்தார். ஒட்டிய கன்னங்கள். சவரம் செய்யாத தாடைகள். சிமெண்ட் தின்ற புருவங்கள். இதில் எது நேற்றைய முகம், எது இரண்டு வருஷமாக இங்கேயே இருக்கும் முகம், அவருக்கு எப்படித் தெரியும்? ஏழு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் கெஞ்சல் இல்லை, பயமும் இல்லை. வெறுப்பைக்கூட அவசரப்படாமல் வைத்திருந்தார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "கார் ஷெட் தரைய எவனாவது தொட்டீங்களா?"

"நாங்க தொடல சார்."

போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைத்தார். கால் நகரவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் கை தானாக நீண்டு கொத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தது. சூடு இருந்தது. நாடி துடித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை.

இரண்டாமவன். சூடு. மூன்றாமவன். சூடு. நாலாமவனின் நாடி குதிரை மாதிரி ஓடியது. ஐந்து. ஆறு. எல்லாம் உயிருள்ள கைகள். அவருக்கே சிரிப்பு வரும்போல இருந்தது.

கடைசி ஆள் பல்புக்கு எட்டாத மூலையில் நின்றான்.

அவர் கை நீட்டவில்லை. அவன் நீட்டினான்.

அவர் மணிக்கட்டைப் பிடித்தான். ஈரம். சில்லென்ற ஈரம். விரல்களில் நரநரவென்று மணல். டாக்டர் மாதிரி, அவசரமே இல்லாமல், அவர் நாடியைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"சூடா இருக்கீங்க சார்" என்றான்.

மண் அடைத்த குரல்.

வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்க்கக் கூடாது. முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஆறு பேர் நடந்து போகும் சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக. படியோரம் செருப்பு மாட்டும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

கத்தினார். கீழே பேசுவது மேலே கேட்கக் கூடாது என்று சுவரை இரட்டைக் கனத்தில் கட்டச் சொன்னவர் அவர்தான். மாடியில் மனைவி மத்தியானத் தூக்கத்தில் இருப்பாள்.

குழாய் சொட்டியது.

பிடி விட்டது. எதிரே யாரோ மெத்தையில் உட்கார்ந்து படுக்கும் அரவம். வேறு எதுவும் இல்லை. வெகு நேரம் எதுவும் இல்லை. கடைசியில் அவரால் முடியவில்லை. கண்ணைத் திறந்தார்.

அவன் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தான். முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் படுக்கத் தாராளமாக இடம் விட்டிருந்தான். போர்வையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் வரட்டும் என்று காத்திருந்தான்.