கடைசிப் படுக்கை

ஜன்னலோரம் படுத்திருந்த டிரைவரின் கட்டிலிலிருந்து பழுத்த திராட்சை வாசனை வந்தது. பழம் எதுவும் அங்கே இல்லை. ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். வயிற்றுக் கட்டின் ஓரத்தில் இளம்பச்சையாக ஒரு கசிவு.

கணவனுக்குக் காலில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவள் இந்த நான்கு படுக்கை வார்டிலேயே கிடந்தாள். துணைக்கு ஆளில்லாத மற்ற மூவரையும் தினமும் அவளே துடைத்துவிட்டாள். முதலில் டிரைவர், அடுத்து தையல்காரர், அடுத்து வாத்தியார். தன் ஆளுக்குக் கடைசியில்தான்.

"ஊருக்கெல்லாம் உபசாரம். கட்டினவன் வரிசையில நிக்கணுமாக்கும்" என்பான் அவன்.

"நீங்க எங்க ஓடிடப் போறீங்க, அந்தக் காலை வெச்சுக்கிட்டு?"

காயம் நன்றாக ஆறிவந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தத் தலையணையில் ஒரு முழுத் தூக்கம். அவளுக்கு அது போதும்.

டிரைவரைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரங்களின் கிரீச்சொலி தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்த பிறகும் அந்த இனிப்பு வாசனை திரைச்சீலைகளிலும் மெத்தையின் ரெக்ஸின் உறையிலும் தங்கி, மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மெல்ல எழுந்து வந்தது. இரண்டு நாள் கழித்து தையல்காரர் போனார். வீட்டுக்குப் போக ஒரு நாளே இருக்கும்போது வாத்தியார், காய்ச்சலில், எதிரே இல்லாத பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுத்தபடி.

காலிக் கட்டிலை மருந்துநீரால் துடைத்த நர்ஸிடம் கேட்டாள். "அவங்களுக்கெல்லாம் என்னம்மா?"

"ஆஸ்பத்திரிக் கிருமி அக்கா. எந்த ஆன்டிபயாட்டிக் போட்டாலும் மசிய மாட்டேங்குது. டிரைவர் பிழைக்கலை."

"எப்படி ஒட்டுது?"

"பெரும்பாலும் கை வழியாத்தான். நீங்க உங்க வீட்டுக்காரரை மட்டும்தானே பாத்துக்கிறீங்க?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஜன்னல். அடுத்தது. அதற்கடுத்தது. அவள் துடைத்த அதே வரிசை. ஒரே துணி, ஒரே கிண்ணத் தண்ணீர்.

துணியைக் குப்பைக்கூடையில் போட்டாள். விரலிடுக்குகள் எரியும் வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இவரைத் தொடக் கூடாது. நாளைக்கு வீடு.

"ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கே?"

"சும்மாதான். தூங்குங்க."

பிற்பகல் வெயில் தரையில் ஊர்ந்தது. எத்தனை நாள் தூக்கம் பாக்கி. கண் எரிந்தது. இமை கனத்தது. ஒரு நிமிஷம் மட்டும்.

வாசனை.

கண் திறந்தாள். தலை அவன் கட்டில் விளிம்பில் சாய்ந்திருந்தது.

"அங்கதான்" என்றான் அவன், கண் திறக்காமலே, தூக்கக் கலக்கத்தில் சிரித்தபடி. "ரொம்ப நேரமா அரிச்சுது. குளுகுளுன்னு இருக்கு உன் கை."

காலின் கட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது. தையலின் மேல் அவளுடைய வெறுங்கை. மெதுவாக. மேலிருந்து கீழாக. துடைத்துக்கொண்டிருந்தது.

எடுக்க நினைத்தாள்.

கை நிற்கவில்லை.