உப்புப் போட்ட ஸ்டெப்னி

கார் டிக்கியில் கொட்டிய கல்லுப்பு குறைந்துகொண்டே வந்தது.

கரைந்திருந்தால் தண்ணீராவது நின்றிருக்கும். எலி தின்றது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழியை மூடிய பலகையைத் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு முறையும், சக்கரத்தின் மேல் அவன் அள்ளிப் போட்டிருந்த உப்பு போன இடம் தெரியவில்லை. கறுத்த ரப்பர் மட்டும் நக்கி வைத்த தட்டுபோல ஈரமாகப் பளபளத்தது. இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுப் பலகையை மூடிவிடுவான். சக்கரத்தை வெளியே எடுத்து அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை.

நாற்றம் அடித்தால் உப்பைப் போடு. தோல் கிடங்கில் வேலை பார்த்தவன் கை வேறு எதையும் யோசிக்காது. உரித்த தோலைச் சதைப்பக்கம் மேலாக விரித்து, உப்பை வாரி இறைத்து, அதன்மேல் அடுத்த தோலை விரித்து, இடுப்புயரம் அடுக்கி அடுக்கியே அவன் இளவயது போனது. அங்கே அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியின் பின்கதவைத் திறப்பதற்குள் ஆடா மாடா, நேற்று உரித்ததா முந்தாநாளா, வழியில் மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுவான். விரலிடுக்கில் உப்புப் புண் ஆறாமல் போகவே அந்த வேலையை விட்டு, தரகர் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கி, ஆபீஸ் போகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

சாவியைக் கொடுக்கும்போது தரகர் ஒன்று சொன்னார். "மத்த நாலு சக்கரத்தையும் ஊரே பாக்கும் மூக்கா. அஞ்சாவதை நீதான் பாக்கணும். மாசம் ஒரு தடவை வெளிய எடு, காத்து இருக்கான்னு பாரு, குழியைத் தொடச்சுக் காய வை. இருட்டுல போட்டுப் பூட்டி வச்சா எதுதான் ஒழுங்கா இருக்கும்?"

சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஒரு மாதம்கூட எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் டிக்கியின் ரப்பர் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கிக் குழியில் தேங்கியது. அதன் பிறகுதான் வாடை. பின் சீட்டில் வரும் இரண்டு பெண்கள் முதலில் ஜன்னலை இறக்கினார்கள், பிறகு துப்பட்டாவால் மூக்கை மூடினார்கள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நிறைமாதமாக இருந்த மனைவி அவன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டாள். குளிச்சீங்களா என்பாள். குளிச்சேன் என்பான். "அப்ப இன்னொரு தடவை குளிங்க. சோப்பு என்ன விருந்தாளிக்கா வாங்கி வச்சிருக்கு?"

தன் உடம்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். அழுகல் என்றால் அவன் பயந்திருக்க மாட்டான். அழுகலில் எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் அவன் மூக்குக்குப் பழக்கம். இது அழுகல் இல்லை. வெதுவெதுப்பாக, லேசாகத் தித்திப்பாக, கன்னத்தின் உள்பக்கச் சதையை முகர முடிந்தால் எப்படி இருக்குமோ அப்படி, பச்சையாக வந்தது. வாழ்நாளெல்லாம் மூக்கால் பிழைத்தவனுக்கு அந்த வாடைக்குப் பெயர் தெரியவில்லை.

மேகம் கவிந்து, விளக்குப் போடுவதா வேண்டாமா என்று இருந்த ஒரு சாயங்காலம் மனைவிக்கு வலி எடுத்தது. முன்பே இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. இந்த முறை வலி தொடங்கியதும் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, தண்ணீர் வடியட்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். குழந்தைத் துணிப் பையை டிக்கியில் போட்டு, அவளைப் பின் சீட்டில் சாய்த்து வைத்துக் கிளம்பினான். கிடங்குகளின் நீண்ட மதிலோரம், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், பின் சக்கரம் ஒன்று ஏதோ இரும்பில் கிழிந்து உட்கார்ந்தது.

அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, மதிலோரம் சாக்கை விரித்து உட்கார வைத்தான். கைபிரேக்கை இழுத்தான். முன் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தான். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே ஸ்பேனரில் ஏறி நின்று நட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொண்டான். தெரிந்த வேலை.

துணிப் பையை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தூக்கினான்.

வாடை முகத்தில் அறைந்தது. உப்பு ஈரத்துக்கு, சக்கரத்தைக் குழியோடு பிடித்திருக்கும் நடு போல்ட் நியாயமாகத் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். ஆனால் விரலால் திருகியதுமே, எண்ணெய் விட்டதுபோலக் கழன்றது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். அடியில் ஏதோ பிரிந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கத்தியை வைத்துவிட்டு முஷ்டியை உள்ளே விட்டுத் தோலைச் சதையிலிருந்து பிரிக்கும்போது கேட்கும் சத்தம். ஈரமான, நீளமான சத்தம். சக்கரத்தின் அடியிலிருந்து வெளிறிய இழைகள் குழியின் தகரம் வரை இழுபட்டு, ஒவ்வொன்றாக அறுந்தன.

"கெடச்சுதாங்க?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ம்."

சூடாக இருந்தது. ரப்பரில் வெட்டிய பள்ளங்கள் தூர்ந்து, கழுத்து மடிப்புபோல வழுவழுவென்று வேர்த்திருந்தன. ஓரத்தில் மெல்லிய பூனைமயிர். கிடங்கில் தோலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மயிரைக் கிள்ளி இழுக்க வேண்டும். கையோடு வந்தால் தோல் கெட்டது, வராவிட்டால் நல்ல தோல். யோசிக்காமல் கிள்ளி இழுத்தான்.

வரவில்லை. சக்கரம் சிலிர்த்தது.

வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. திரும்பி நின்று துப்பினான். உப்புப் போட்ட தோல் கெடாது. அது அவனுக்குத்தானே தெரியும். அவன்தானே போட்டான். கைநிறையப் போட்டான்.

"காத்து இருக்கா அதுல?"

கட்டைவிரலால் அழுத்தினான். குழிந்தது. மெதுவாக எழும்பியது.

"இருக்கு."

"அப்ப சீக்கிரம் மாட்டுங்க. இதை ரோட்டுல பெத்துப் போட வச்சிராதீங்க."

மாட்டினான். நட்டுகளை எதிரெதிராக முடுக்கினான். ஒவ்வொரு முடுக்குக்கும் ஸ்பேனரின் நுனியில் ஏதோ பிசுபிசுத்தது. ஜாக்கியை இறக்கியதும் சக்கரம் வண்டியின் பாரத்தை வாங்கிக்கொண்டது. பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டது. கிழிந்த டயரைக் குழிக்குள் கிடத்தினான். மூலையில் இருந்த உப்புப் பையை எடுத்து, மிச்சத்தை டயரின் மேல் கொட்டினான். கொட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. பலகையை மூடி, துணிப் பையை அதன்மேல் வைத்தான்.

மெதுவாகத்தான் ஓட்டினான். டயர் உருளும் இரைச்சல் இல்லை. ஈர உடம்பில் உள்ளங்கையால் தட்டும் சத்தம்தான் பின்னால் கேட்டது. தப். தப். தப். கண்ணாடியில் பார்த்தான். தெருநாய்கள் வந்துகொண்டிருந்தன. குரைக்கவில்லை. தலையைக் குனிந்து, வண்டி போன தடத்தை நக்கிக்கொண்டே வந்தன.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் குழாயடியில் நின்று கையைத் தேய்த்தான். திரும்பவும் தேய்த்தான். நகக்கண்ணில் அந்த வழவழப்பு போகவில்லை. வெளியே நன்றாக இருட்டி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோது நர்ஸ் துணிச் சுருள் ஒன்றோடு வந்தாள்.

"நீங்கதான் அப்பாவா? பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்காங்க. ஆனா பாப்பா பால் உறிஞ்ச மாட்டேங்குறா. வாயில வச்சாலும் சும்மா இருக்கா. சிலது அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் பாக்கலாம். துணியெல்லாம் எங்க?"

"வண்டியில இருக்கு."

அவன் குனிந்தான். சிவந்த சின்ன முகம். நெற்றியோரம் பூனைமயிர். கழுத்து மடிப்பில் வெள்ளையாக, உப்புப் பூத்ததுபோல, ஒரு மாவு. பிறந்த குழந்தைக்கு அது இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். அவன் அதைக் கேட்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

வெதுவெதுப்பாக. லேசாகத் தித்திப்பாக. பச்சையாக.

அதே வாடை. செத்த தோலையே முகர்ந்து வாழ்ந்தவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? புதிதாகப் பிறந்த தோல்.

"துணியை எடுத்துட்டு வாங்க அண்ணே, பாப்பா குளிருல கெடக்கா."

படியிறங்கினான். நாய்கள் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. பின் சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு, கன்றை நக்குவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு நக்கின. அவன் அருகில் வந்தும் விலகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தான்.

துணிப் பை பலகையின் மேல் இருந்தது. பை அசைந்தது. அடங்கியது. மறுபடி அசைந்தது. பை இல்லை. பலகை.

பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். கை பையை ஒதுக்கிப் பலகையைத் தூக்கியது.

உப்பில் ஒரு கல்லும் மிச்சமில்லை. டயர் வெளிறிப் புடைத்துக் கிடந்தது. இரும்பு கிழித்த இடத்தில் விளிம்புகள் இளஞ்சிவப்பாக மடிந்து, ஈரமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதையோ தேடின. அவன் கையில் இன்னும் உப்பின் வாடை இருந்திருக்க வேண்டும். அது எம்பியது. விரலைக் கவ்வியது.

பல் இல்லை. மெத்தென்ற சூடு மட்டும். அது உறிஞ்சியது. ஆழமாக, பழகியதுபோல, விடாமல்.

மாடி ஜன்னலில் அவன் மகள் பசியில் மெலிசாக அழத் தொடங்கினாள். விரலைச் சுற்றிய வாய் ஒரு கணம் நின்று, அதைக் கேட்டுவிட்டு, இன்னும் பலமாக உறிஞ்சியது.