கிணிங்

ஜஸ்டஸ் வாசல் படலைத் தொட்டதுமே உள்ளே மணி ஒலித்தது. இத்தனைக்கும் அவன் ரப்பர் தோட்டத்தை விட்டு நாலு மாதம் ஆகிறது. இப்போது வேலை உப்பளத்தில். உப்பில் புரதம் கிடையாது.

"கிணிங்!" என்று உள்ளிருந்து மகள் அபிஷா கூவினாள். அவன் படலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

அபிஷாவுக்கு ஆறு வயது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். ஒரு வயதுக்குள் ஐந்து அறுவை சிகிச்சை, தினமும் சிறுநீர் எடுக்கக் குழாய். கையுறையும் ரப்பர், குழாயும் ரப்பர். காப்பாற்ற வந்ததையே அவள் உடம்பு பகை என்று முடிவு கட்டியது. அதோடு விட்டதா? பகையாளியின் சொந்தக்காரர்களையும் தேடிப் பிடித்தது. ரப்பர் பாலில் உள்ள புரதத்தின் சாயல் வாழைப்பழத்திலும் பப்பாளியிலும் உண்டு. குமரி மாவட்டத்தில் எல்லாரும் செய்வதுபோல அம்மா மேபல் மட்டி வாழைப்பழம் மசித்து ஊட்டியபோது, பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு நின்றது. பிழைத்தது கர்த்தர் கிருபை.

அதற்குப் பிறகுதான் முகர்மணி வந்தது. கழுத்தில் தொங்கும், புளியங்கொட்டை அளவுக் கருவி. காற்றில் பகைப்புரதம் கலந்தால் முகர்ந்து 'கிணிங்' என்னும்; உடனே ஒவ்வாமை ஊசியோடு ஓடவேண்டும். அணிந்தவரின் நாடியையும் கேட்டு, உடம்பு எதற்கு அஞ்சுகிறதோ அதையும் கற்றுக்கொள்ளும். பேருந்தில் மணி ஒலித்தால் ஜனம் விலகி வழிவிடப் பழகியது. கல்யாணப் பந்தியில் வாழையிலை போய்ப் பாக்குமட்டை வந்தது. ஒரு பிள்ளைகூட மூச்சுமுட்டிச் சாகவில்லை. குறைசொல்ல யாருக்கு வாய் வரும்?

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான ஜஸ்டஸுக்குத்தான் வீடு இல்லாமல் போனது. மூன்று முறை தேய்த்துக் குளித்தாலும் மணி அடித்தது. தோட்டத்துக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, சாயங்காலம் படலுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவான். வரும்போதெல்லாம் மணி ஒலிக்கும். அவனைக் காட்டி அபிஷா பேசிய முதல் சொல்லே 'கிணிங்' தான். அப்பாவின் பெயர் அது என்று நினைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று மணியைச் சோதிக்க வந்திருந்த நர்ஸ் நர்மதா, பிள்ளையின் கழுத்தில் சிவந்திருந்த தடிப்புகளைப் பார்த்தாள்.

"பழுதாக்கும், இல்லியா?" என்றாள் மேபல்.

"பழுதில்ல அக்கா. காத்துல ஒண்ணுமே இல்ல. இவளுக்க ஒடம்பு பதறுது, மணி அதைக் கேட்டு அடிக்குது."

"பெத்த அப்பனைக் கண்டா பதறுது?"

"அவரைக் கண்டு இல்ல. மணி அடிக்கும், நீங்க ஊசியத் தூக்கிட்டு ஓடி வருவீங்க. அஞ்சு வருசமா இதேதான். ஒடம்பு அந்தச் சத்தத்தையும் பகையாளிக்க சொந்தக்காரங்க பட்டியல்ல சேத்துட்டு. இனிச் சத்தம் வேண்டாம். வெளிச்சம் மட்டும் காட்டட்டும்."

மணியை ஊமையாக்கிவிட்டு அவள் போனாள். மேபல் படலைத் திறந்துவிட்டாள்.

ஐந்து வருசம் கழித்து ஜஸ்டஸ் தன் வீட்டுக்குள் வந்தான். எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்து மகளைத் தூக்கி மடியில் வைத்தான். உப்பில் வெடித்த அவன் உள்ளங்கையை அவள் ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தாள். வெளிச்சம் எரியவில்லை.

"எனக்க மக்ளே, அப்பனை ஒருதடவ கூப்பிடு."

அபிஷா சந்தோஷம் தாங்காமல் அவன் காதோடு வாயை வைத்தாள்.

"கிணிங்," என்றாள். "கிணிங், கிணிங்."

மூன்றாவது முறை சொல் குழறியது. கீழுதடு தடித்துவிட்டிருந்தது. கழுத்தில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

மேபல் ஊசியெடுக்க ஓடினாள். ஜஸ்டஸ் விரலை மகளின் உதட்டில் வைத்து, "வேண்டாம் மக்ளே, கூப்பிடாத," என்று கெஞ்சினான். அபிஷாவுக்குப் புரியவில்லை. அப்பா எங்கேயோ போகப்போகிறார் என்று பயந்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.