கடைசிக் குதிப்பு

கீழ்வீட்டிலிருந்து வந்த தட்டல் தாளத்தோடு வந்தது. சயோரிக்கு முதலில் உறுத்தியது அதுதான். கோபத்தில் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறவர்கள் தாளம் பார்த்தா இடிப்பார்கள்?

கூடத்தில் அவள் மகள், ஏழு வயது ஹொனோகா, ஆட்டப் பாயின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். டிவியில் அம்புக்குறி எந்தப் பக்கம் வருகிறதோ, பாயில் அந்தப் பக்கத்துக் கட்டத்தை மிதிக்க வேண்டும்; பாட்டு முடிகிற இடத்தில் இரண்டு காலையும் அகட்டி ஒரே குதி. அந்தக் கடைசிக் குதிப்பை மட்டும் அவள் என்றைக்கும் குதித்ததில்லை. அதற்குள் "பாத்தியாம்மா?" என்று திரும்பிவிடுவாள். இன்றும் திரும்பினாள். அவள் விட்ட அந்த ஒரு குதிப்பு, அதற்குரிய நேரத்தில், கீழேயிருந்து வந்தது.

தொம்.

"அம்மா, கீழ இருக்கறவங்களும் ஆடறாங்க!"

"ஆடுவாங்கடி, ஆடுவாங்க. நம்மள இந்த வீட்டை விட்டும் கிளப்பறதுக்கு ஆடுவாங்க."

விவாகரத்துக்குப் பிறகு மகளோடு ஒண்டியிருந்த பழைய வீடு இந்தக் குதிக்கிற சத்தத்தால்தான் கைவிட்டுப் போனது. வட ஜப்பானின் அகிதாவில் பனி கொட்டத் தொடங்கினால் குழந்தையை எங்கே ஓடி விளையாடச் சொல்வது? பழைய சாமான் கடையில் ஜோடியாகக் கிடைத்த இரண்டு பாய்களை வாங்கி, அடியில் தடித்த ரப்பர் விரித்துப் போட்டிருந்தாள். பக்கத்துப் பாயில் அவளும் ஆடலாம் என்று நினைத்ததுண்டு. வேலை முடிந்து வந்தால் நிற்கவே தெம்பு இருப்பதில்லை.

அலமாரியிலிருந்து பயறு இனிப்புப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டாள். சத்தம் போட்டவர்கள் இனிப்போடு போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்பதுதான் முறை.

"கதவைப் பூட்டிட்டுப் போறேன். சமத்தா இரு."

"நாளைக்கு என் ஃப்ரெண்ட் ரின் வர்றப்ப என்ன செய்யணும்னு சொல்லட்டுமா? வாங்கன்னு சொல்லணும். வீட்டுக்குள்ள போட்டுக்கற விருந்தாளிச் செருப்பு எடுத்து வைக்கணும். டீ குடுக்கணும். போறப்ப, 'அடுத்து நான் உங்க வீட்டுக்கு வர்றேன்'னு சொல்லணும்!"

"பெரிய மனுஷி!" சயோரி சிரித்துக்கொண்டே பூட்டினாள்.

கீழ்த்தளத்து நடையில் மண்ணெண்ணெய் அடுப்புகளின் வாடையும் ஈரக் கம்பளியின் வாடையும் கலந்திருந்தன. சாயங்காலம்தான், ஆனாலும் கூரையிலிருந்து சரிந்த பனி சன்னலை அடைத்துக்கொண்டதில் சாம்பல் நிற இருட்டு முழங்கால் வரைக்கும் தேங்கி நின்றது. தன் வீட்டுக்கு நேர் கீழே இருந்த கதவின் மணியை அழுத்தினாள். அது ஒலித்ததா என்று கவனிக்கவில்லை. அந்தக் கதவருகே மட்டும் அடுப்பு வாடையே இல்லை என்பதையும் கவனிக்கவில்லை.

உள்ளே, கதவை ஒட்டினாற்போல், யாரோ காலை மாற்றி நிற்கிற சத்தம்.

இடுப்பு வரை குனிந்தாள். "மேல் வீடுங்க. குழந்தை குதிச்சு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டா, மன்னிச்சுக்குங்க. முடிஞ்சா ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. குழந்தையும் சந்தோஷப்படுவா."

அந்த ஊரில் வாங்க என்று சொல்லாமல் யாரும் விடைபெறுவதில்லை. அதைக் கேட்டு யாரும் வந்ததுமில்லை. பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

படிக்கட்டின் அடியில் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் குராஷினா பனி வாரிக்கொண்டிருந்தார்.

"என்ன ஹொனோகாம்மா, இனிப்பெல்லாம் பலமா இருக்கு! எனக்கு இல்லையா?"

"கீழ்வீட்டுக்குங்க. குழந்தை குதிக்கிறது அவங்களுக்கு..."

"எந்தக் கீழ்வீடு? அது காலியாச்சே. கடிதாசு போடற ஓட்டையைக்கூட டேப் போட்டு ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?"

"உள்ள ஆள் நடமாட்டம் கேட்டுதே..."

"எலியா இருக்கும். அங்க தனியா ஒரு பொம்பள இருந்தா, பாவம். இத்தனை வீடு இருக்கு, ஒருத்தராவது உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்களான்னு புலம்பிட்டே இருப்பா. போன பனிக்காலத்துல கதவை உடைச்சுத்தான் உடம்பை..." அவர் நிறுத்தினார். "ஏம்மா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"நான் வாங்கன்னு சொல்லிட்டேன்."

குராஷினாவின் மண்வாரி பனியிலேயே நின்றது. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

மேலே பாட்டு தொடங்கியிருந்தது. கூரை வழியாக அடிகள் கேட்டன. ஹொனோகாவின் சின்ன அடிகள். அவற்றோடு ஒட்டி, கனமாக, இன்னொன்று.

ஓடினாள். படியில் முழங்கால் இடித்தது. வலிக்கவில்லை. அந்த ஒரே படிக்கட்டைத்தான் இவ்வளவு நேரமும் மறித்து நின்றிருந்தாள். யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. மூன்றாம் முறைதான் நுழைந்தது. உள்ளே பாட்டு முடிந்து போயிருந்தது.

கதவு திறந்தது.

உள்பக்கக் கைப்பிடியில் இனிப்புப் பை தொங்கியது.

"ஹொனோகா?"

வாசலில் குழந்தையின் பனிக்காலணி வைத்த இடத்திலேயே இருந்தது. அலமாரியிலிருந்த விருந்தாளிச் செருப்பு கூடத்தின் ஓரத்தில், யாரோ போட்டுக் கழற்றினாற்போல் கிடந்தது. மேசையில் இரண்டு கோப்பை டீ. ஒன்று பாதி காலியாக இருந்தது. இன்னொன்றின் மேல் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது.

"ஹொனோகா! விளையாடாதடி! வெளிய வா, அம்மாவுக்குப் பயமா இருக்கு!"

குளியலறையில் இல்லை. அலமாரியில் இல்லை. மெத்தைகளுக்குப் பின்னால் இல்லை.

நாளைக்குச் சொல்ல வைத்திருந்ததை இன்றைக்கே சொல்லிவிட்டாளா? போகிற விருந்தாளியிடம், 'அடுத்து நான் உங்க வீட்டுக்கு வர்றேன்' என்று, தலை குனிந்து, அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே?

டிவியில் பாட்டு தானாக மறுபடி தொடங்கியது.

கீழேயிருந்து அடிகள் வந்தன. தரைக்கு அடியிலிருந்து. இடம். வலம். இடம். இலேசான, அவசரமான, சின்னக் கால்கள். பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தக் கால்களைத் தெரியாதா? சயோரி தரையில் விழுந்து இரண்டு கையாலும் அறைந்தாள். "ஹொனோகா! மேல வா! மேல வந்துடு!"

அடிகள் நிற்கவில்லை. பாட்டு முடிவை நெருங்கியது. கடைசி அம்புக்குறிகள் மேலே ஏறின.

கீழே அடி நின்றது. தரைப்பலகைகளுக்கு அடியில், ரொம்பத் தொலைவில், "பாத்தியாம்மா?"

சயோரியின் முகத்துக்கு நேரே, பக்கத்துப் பாயில், அகட்டி வைத்த இரண்டு பெரிய பாதங்களின் அளவுக்கு ரப்பர் உள்ளே அமிழ்ந்தது.

தொம்.