காயாத சுவர்

மூன்றாவது பூச்சும் காயவில்லை.

மற்ற சுவர்களெல்லாம் மதியத்துக்குள் காய்ந்து, தொட்டால் மாவு போல வழவழவென்று இருந்தன. கட்டிலை ஒட்டிய சுவரில் மட்டும், ஒரு சின்னப் பிள்ளை சாய்ந்து நின்றால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு இடம், அப்போதுதான் ரோலர் உருட்டியது போல ஈரமாகப் பளபளத்தது. பெயிண்டர் விரலை வைத்துப் பார்த்தான். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். பெயிண்ட் வாசனையே இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் பிடரியில் இருக்குமே, அந்தப் புளித்த வியர்வை வாடை.

சண்டை ஊருக்குள் வந்த பிறகு அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. குண்டு துளைத்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அங்கே ஒன்றுமே நடக்காதது போல ஆக்கிவிடுவான். "சுடுறவன் உனக்குக் கமிஷன் தரான் போல" என்று தெருவில் கேலி செய்வார்கள். போன மாதம் ஜன்னல் வழியாக வந்த குண்டு அவன் வீட்டின் இந்தச் சுவரையும் துளைத்தது. நடுவில் அவன் மகள் நின்றிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அதற்குப் பிறகு யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. அடக்கம் முடித்து வந்து, கறையை அவனேதான் சுரண்டினான்.

"என்னங்க இது?"

மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

"ஓதம். மழைத்தண்ணி எறங்கியிருக்கு."

"மழை எங்க பேஞ்சுது?"

அவள் அவனை விலக்கிக்கொண்டு போய், ஈரத்தில் கன்னத்தை வைத்தாள். கண்களை மூடிக்கொண்டு சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"மூச்சு விடுறா."

"பைத்தியம் மாதிரி பேசாத. இப்படி வா."

"ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் மூடுனீங்க. சரி. என் பிள்ளையையும் மூடணுமா?"

அவள் கன்னத்தில் வெள்ளை படிந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

சாயங்காலம் அவளுடைய அண்ணன் போனில் கூப்பிட்டான். "மாப்ள, வண்டி கெடைச்சிருச்சு. இருட்டுறதுக்குள்ள வந்துடறேன். அவனுங்க உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டாங்களாம். தங்கச்சிய ரெடியா இருக்கச் சொல்லு."

அவன் அகப்பட்டதையெல்லாம் பையில் திணித்தான். அப்போதே ஊரடங்குச் சங்கு ஊதியது. கரண்ட் போயிற்று. எங்கோ ஒரு கடையின் ஷட்டர் தடதடவென்று இறங்க, அதற்குப் பின் தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த அமைதியில்தான் கேட்டது. மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே மனைவி தாழ்ந்த குரலில் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

யாரோ பதில் சொன்னார்கள்.

கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள்.

"கதவத் தொற. உங்கண்ணன் வந்துடுவாரு."

மனைவியின் குரல் நின்றது. பாதிச் சொல்லில் நின்றது.

"அப்பா, சீக்கிரம் வா."

மகளின் குரலேதான். ஆனால் வாலுவுக்கு 'ர' வராது. சீக்கிலம் என்பாள். அதற்காகவே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள்தான் நினைத்தான்.

கதவில் காதை வைத்தான்.

பிறகு, நிதானமாக, புதுப்பாடம் ஒப்பிப்பது போல:

"சீக்கிலம் வா."

தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

அறையில் யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. மிச்ச வெளிச்சத்தில், சுவரோரம் மனைவியின் செருப்புகள். முனை சுவரைப் பார்த்தபடி.

ஈரம் பெரிதாகியிருந்தது. இப்போது ஒரு பெரிய ஆள் உயரம்.

பாலாடை போல மேலே ஒரு படலம். அதற்குள் நெற்றி. மூக்கு. மூடிய இமைகள். வாய் இருந்த இடத்தில் படலம் உள்வாங்கியது. புடைத்தது. உள்வாங்கியது.

கீழே வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

அவன் மனைவியைக் கூப்பிட்டான். முழங்கை வரை கையை விட்டான். சுவர் தடுக்கவில்லை. உள்ளே சூடு. துழாவினான். ஒரு சின்னக் கை அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு மனைவியின் கை, சோப்புத் தண்ணீரில் சொரசொரத்துப்போன கை, அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவனுக்கு அழுகை வந்தது. இழுத்தான். இருவரும் நடுங்கினார்கள். அவனைத் தங்கள் பக்கம் இழுக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்து, அவன் கையை வெளியே தள்ளப் பார்த்தார்கள்.

அவர்களைத் தாண்டி, உள்ளிருந்து, பெரிதாக ஒன்று வந்து அவன் முழங்கையைப் பிடித்தது.

"சீக்கிலம்" என்றது.